அறுபத்து நான்கு பிளேட்டும் ஒரு சாராயக் கேஸும்

வெள்ளக்கடை,
ஏற்காடு மலை.
17-12-1989, ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை பொன்னுவேல் அவர்களுக்கு மாமனார் ஐயாக்கண்ணு எழுதிக்கொள்வது.

இங்கே நானும், உங்கள் மாமியாரும், மூன்று ஆடுகளும், மிளகுக்கொடியும் சேர்வராயன் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். எனக்கு இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருப்பது தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. ஓசூர்க் குளிரில் நீங்களும் என் மகள் ராசாத்தியும் நல்லபடியாக இருக்க வேண்டும். அவள் காலையில் வெறும் தலையோடு வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. படித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ‘மாமா சாராயம் காய்ச்சும்போது கையும் களவுமாகப் பிடிபட்டதாகப் பஸ்ஸில் ஒருவர் சொன்னார், உண்மையாக இருந்தால் மறைக்க வேண்டாம், இங்கே எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார்’ என்று எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை, முப்பத்தொரு வருஷம் சேலத்தில் பால் பண்ணையில் ஃபிட்டராக இருந்தவன் நான். அங்கே நான் காய்ச்சியதெல்லாம் பால். இப்போது என் வீட்டுப் பின்னால் காய்ச்சியது எவர்சில்வர் தகடு. தகட்டை யாராவது காய்ச்சுவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே வந்த போலீஸ் ஏட்டும் அதையேதான் கேட்டார். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் நிதானமாகச் சொல்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூருக்கே வந்துவிடுங்கள், அறை பார்த்து வைத்திருக்கிறேன் என்று பெரிய மனதோடு எழுதியிருந்தீர்களே, அதற்கும் கடைசியில் பதில் வைத்திருக்கிறேன்.

கரடியூரில் பழ விவசாயிகள் சங்கம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் ஆரஞ்சு ஸ்குவாஷ் போடுகிற சிறிய ஃபேக்டரி நடத்துகிறார்கள். அதன் செயலாளர் செல்லப்பன், கார்த்திகை பிறந்த மறுவாரம் மொபெட்டில் வந்து இறங்கினார். இறங்கும்போதே முகம் சரியில்லை. அவர்களிடம் பழச்சாற்றைச் சூடேற்றுகிற மெஷின் ஒன்று இருக்கிறது. பெரிய புத்தகத்தை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். பக்கம் ஒவ்வொன்றும் மெல்லிய எவர்சில்வர் பிளேட், மொத்தம் அறுபத்து நான்கு. ஒரு சந்தில் பழச்சாறு போகும், அடுத்த சந்தில் வெந்நீர் போகும், மறுபடி சாறு, மறுபடி வெந்நீர். ஒன்றையொன்று தொடாது, நடுவில் இருக்கும் தகடு வழியாகச் சூடு மட்டும் மாறிக்கொள்ளும். தொடாமல் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு பிளேட்டின் ஓரத்திலும் ஒட்டியிருக்கிற ரப்பர் கேஸ்கட். அந்த ரப்பர் ஆறு வருஷத்தில் கருவாடு மாதிரி விறைத்து வெடித்துவிட்டது. சாறு வெந்நீருக்குள் போய், வெந்நீர் சாற்றுக்குள் வந்து, ஸ்குவாஷ் தண்ணீராகவும் பாய்லர் ஆரஞ்சு வாசனையாகவும் ஆகிவிட்டன. மெஷின் செய்த கம்பெனிக்காரர்கள் புது கேஸ்கட்டைப் பார்சலில் அனுப்பிவிட்டார்கள். ஆனால் மாட்டித் தர ஆள் பொங்கலுக்குப் பிறகுதான் வருவாராம். பழம் பொங்கல் வரை மரத்தில் காத்திருக்குமா?

“பால் பண்ணையில நீங்க இதே மெஷினுக்குத்தான வைத்தியம் பாத்தீங்க? முப்பத்தெட்டுக் குடும்பத்துப் பழமுங்க. நீங்க மாட்டேன்னா எல்லாம் குப்பைக்குத்தான் போவுமுங்க” என்றார் செல்லப்பன்.

நான் உடனே சரி என்றுவிட்டேன். உள்ளே இருந்து உங்கள் மாமியார் பாவாயி குரல் வந்தது. “ஏனுங்க, நீங்க ரிட்டையர் ஆனது ஆபீசுக்கெல்லாம் தெரிஞ்சிருச்சு. உங்களுக்கு இன்னும் தகவல் வரலீங்களா?”

பிளேட்டுகளைக் கழற்றினேன். எந்த வரிசையில் கழற்றினேனோ அதே வரிசையில் மாட்ட வேண்டும் என்பதால், ஒன்று முதல் அறுபத்து நான்கு வரை ஒவ்வொன்றின் நெற்றியிலும் மஞ்சள் எனாமல் பெயிண்டால் அழகாக நம்பர் எழுதினேன். இந்த நம்பரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சங்கத்து ஜீப்புக்கு அச்சு முறிந்து கிடந்ததால், எட்டு எட்டாகச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில்தான் வெள்ளக்கடைக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் ஒரு அம்மாள், “இதுல இட்லி ஊத்துனா ஆவியெல்லாம் ஓட்டையில போயிருமுங்களே” என்று வருத்தப்பட்டார். நாலு மூலையிலும் நாலு ஓட்டை இருக்கிற பிளேட்டைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் மட்டுமல்ல, அவர் பக்கத்தில் இருந்தவரும் இறங்கிப் போய்விட்டார்.

பழைய ரப்பரைப் பிளேட்டிலிருந்து கத்தியால் சுரண்டக் கூடாது. கீறல் விழுந்தால் பிளேட் போச்சு. காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டுச் சூடு பண்ணினால் பசை இளகி ரப்பர் தானாகக் கழன்றுகொள்ளும். அதற்காக வீட்டுப் பின்னால், காப்பிச் செடி மறைவில், காற்று வீட்டுக்குள் அடிக்காத இடமாகப் பார்த்து இரண்டு டிரம் வைத்தேன். அடியில் விறகு, மேலே மூடி, பக்கவாட்டில் ஆவி போக ஒரு குழாய். மாப்பிள்ளை, எழுதும்போது எனக்கே புரிகிறது. மலை மேல், செடி மறைவில், டிரம், நெருப்பு, குழாய். இதைப் பார்த்துச் சாராயம் என்று நினைக்காதவர் போலீஸில் இருந்தால்தான் தப்பு.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் சரிவில் இறங்கி வந்தார்கள்.

“என்னய்யா ஊறப் போட்டிருக்க?” என்றார் ஏட்டு.

“தகடு ஊறுதுங்க” என்றேன்.

“இந்த மலையில எனக்கு மூணு வருசம் சர்வீஸ். வேப்பம்பட்ட கஷாயம்னு சொன்னாங்க, மாட்டுக்கு மருந்துன்னு சொன்னாங்க. தகடு ஊறுதுன்னு இன்னைக்குத்தான் கேக்கறேன்” என்றபடி மூடியைத் திறந்து குனிந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தத் தண்ணீர் மேலே பட்டால் தோல் வழண்டுவிடும். “கிட்ட வராதீங்க! கைய வெச்சிராதீங்க!” என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவருக்குச் சந்தேகம் அதிகமாயிற்று. “இவ்வளவு பதறுறான்னா சரக்கு உள்ளதான் இருக்குது” என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார்.

அப்போது பாவாயி வந்தாள். முழங்கை வரை ரப்பர் கையுறை, கையில் நீளமான கொக்கி. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் டிரம்முக்குள் கொக்கியை விட்டு ஒரு பிளேட்டை மேலே தூக்கினாள். ஆவி பறக்க, ஓரத்தில் கழன்ற ரப்பர் கரிய சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து தொங்க, அது வெளியே வந்ததும் கான்ஸ்டபிள் பின்னால் தாவிக் காப்பிச் செடியில் உட்கார்ந்துவிட்டார்.

“சார், இதக் குடிச்சா போதை ஏறாதுங்க, கொடலு எறங்கீரும்” என்றாள் பாவாயி. “சாட்சிக்கு வேணும்னா ஒரு பிளேட்ட ஸ்டேசனுக்கு எடுத்துட்டுப் போங்க. ஆனா திருப்பிக் குடுத்துரோணும். எங்களுக்கு அறுவத்தி நாலும் எண்ணி வந்தாவணும்.”

ஏட்டு பிளேட்டையும் எடுத்துக்கொண்டார், என்னையும் எடுத்துக்கொண்டார். ஏற்காடு ஸ்டேஷனில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அவருடைய அண்ணன் பால் பண்ணை ஒன்றில் வேலை செய்கிறவராம். பிளேட்டைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, பிளேட்டைத் துணியில் சுற்றித் தந்து அனுப்பினார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் நான் துணி மூட்டையோடு ஸ்டேஷன் படியில் இறங்குகிற அந்த நிமிஷத்தில் சேலம் பஸ் எதிரே நின்றுகொண்டிருந்தது. பஸ் முழுக்கத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தது. அதில் ஒரு தலைதான் ஓசூர் வரை பேசிக்கொண்டே வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அடுத்த அடி. டிரம்மிலிருந்து பிளேட்டுகளை எல்லாம் எடுத்துக் கழுவிக் காயவைத்திருந்தாள் பாவாயி. என் மூட்டையில் இருந்ததோடு சேர்த்து அறுபத்து நான்கும் கண்ணாடி மாதிரி மின்னின. ரப்பரும் இல்லை, பசையும் இல்லை. நான் எழுதிய நம்பரும் இல்லை. ரப்பர் பசையைக் கழற்றுகிற காஸ்டிக், எனாமல் பெயிண்டை மட்டும் ஃபிட்டர் எழுதியது என்று மரியாதை பார்த்து விட்டுவைக்குமா? முப்பத்தொரு வருஷ சர்வீஸில் இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். பால் பண்ணையில் நம்பரை உளியால் குத்திவைத்திருப்போம். இங்கே அவசரத்தில் மறந்தேன். வரிசை போனால் மெஷின் போச்சு. தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன், படம் வரைந்தேன், ஒன்றும் விளங்கவில்லை.

பாவாயிக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அவள் என் நோட்டைப் பார்க்கவில்லை. பிளேட்டுகளைக் காப்பிக் களத்தில் நீளமாகப் பரப்பினாள். ஒவ்வொரு பிளேட்டிலும் மீன்முள் மாதிரி வரி வரியாக மேடு இருக்கும். அந்த மேட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். “ஏனுங்க, எல்லாம் ஒரே அச்சுதானுங்க. மூணுக்கு மட்டும் ரெண்டு ஓட்ட அடைஞ்சிருக்குது. அந்த மூணும் எங்க இருந்துச்சுன்னு நெனப்பு இருக்குதுங்களா?” என்றாள். அது நினைவிருந்தது. முதலாவது, நடுவில் ஒன்று, கடைசி. “அப்ப மிச்சத்துக்கு எதுக்குங்க நம்பரு? ஒரு மீனு மேல பாக்கோணும், அடுத்த மீனு கீழ பாக்கோணும். மாத்தி மாத்தி அடுக்குனா முடிஞ்சுதுங்க.” கம்பெனிக்காரர்கள் பத்துப் பக்கத்தில் எழுதியிருந்தது அதேதான். நான் அதைச் சொல்லவில்லை. “நானும் அதைத்தான் யோசிச்சுட்டு இருந்தேன்” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அடுத்து ஓட்டைச் சோதனை. பிளேட்டின் ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்து, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவி வைத்தோம். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கறை காட்டிவிடும். இரண்டில் கறை வந்தது. ஒன்று மேல் பார்க்கிற மீன், ஒன்று கீழ் பார்க்கிற மீன். ஜோடியாகத் தள்ளிவிட்டோம், அறுபத்திரண்டு மிச்சம்.

பிறகு புது ரப்பரைப் பசை தடவி ஒட்டினோம். ஒட்டினால் போதாது, கொதிநீருக்கும் கொஞ்சம் அதிகமான சூட்டில் நிதானமாக வேகவைத்தால்தான் பசை பிடிக்கும். அவ்வளவு பெரிய அடுப்புக்கு எங்கே போவது? ஏற்காட்டில் பேக்கரி வைத்திருக்கிற ஞானசுந்தரி அம்மாளிடம் போனேன். ரொட்டி வெளியே எடுத்தபின் அடுப்பு ஆறுகிற நேரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தாராள மனது. பிளேட் அருமையாக வெந்தது. மறுநாள் பேக்கரிப் பக்கம் போனால் அந்த அம்மாள் கையில் பன்னோடு வாசலிலேயே நிற்கிறார்.

“ஐயாக்கண்ணு அண்ணா, இத மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தேன். சைக்கிள் டியூப்.

“இருநூறு பன்னு ஸ்கூல் ஹாஸ்டல்ல இருந்து திரும்பி வந்திருக்குது. ஒரு புள்ள, பஞ்சர் ஒட்டித் தாங்கன்னு சீட்டு எழுதி அனுப்பிருக்கு. இன்னும் இருவது நாள்ல கர்த்தர் பொறந்தநாளு. ஊருக்கெல்லாம் டியூப் கேக்கா குடுக்கறது நானு?”

அன்று முழுக்க அடுப்புக்குள் தலையை விட்டுத் தேய்த்தேன். ஞானசுந்தரி அம்மாளே யோசனை பண்ணி, ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் அள்ளிப் போட்டு இரண்டு தடவை அடுப்பை மூட்டினார். மூன்றாம் நாள் பன்னு வாசனைக்கே டூரிஸ்ட் பஸ் நின்றது. இப்போது பார்க்கும்போதெல்லாம், “இன்னொருக்கா எப்பங்கண்ணா வேகவெக்கறீங்க?” என்று கேட்கிறார். கேலியா நிஜமா என்று தெரியாமல் சிரித்துவைக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மெஷினை மாட்டினோம். ஃபேக்டரி வாசலில் கூடை கூடையாக ஆரஞ்சு. முப்பத்தெட்டுக் குடும்பமும் வந்து நின்றது. செல்லப்பன் மெஷினுக்கு மாலை போட்டு, புதுச் சட்டையில் பக்கத்திலேயே நின்றார். நான் பிளேட்டுகளை அடுக்கி, நீள போல்ட்டுகளை டேப் வைத்து அளந்து முறுக்கினேன். முதலில் வெறும் தண்ணீர் விட்டுப் பம்பைப் போட்டோம். ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு ‘ஸ்ஸ்ஸ்’ என்று நடுவிலிருந்து ஊசி மாதிரி ஒரு தாரை கிளம்பிச் செல்லப்பனுடைய புதுச் சட்டையில் நேராக நெஞ்சில் அடித்தது. “முறுக்குங்க, இன்னும் ரெண்டு சுத்து முறுக்குங்க!” என்று அவர் கத்தினார். அளவுக்கு மேல் முறுக்கினால் பிளேட் நசுங்கும் என்று தெரிந்தும், பதற்றத்தில் அரைச் சுற்று முறுக்கிவிட்டேன். தாரை இரண்டாயிற்று.

கரடியூர் சித்தன், எனக்கு மூத்தவர், பதினொரு கூடைப் பழத்தோடு வந்தவர், மெதுவாக முன்னால் வந்தார். “ஐயாக்கண்ணு, ஆவாதுன்னா சொல்லிப்போடு சாமி. கோவமில்ல. வெயிலுக்கு முன்னால வேற வழி பாத்துக்கறோம்” என்றார். மாப்பிள்ளை, அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் பாவாயி, “ஏனுங்க, முறுக்காதீங்க, கலைங்க” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், “நீ சும்மா இரு. இது ஒண்ணும் உன்ற அடுப்படி இல்ல” என்று அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறவில்லை. நேரே மெஷினிடம் வந்து, பக்கவாட்டில் பிளேட்டுகளின் ஓரங்கள் அடுக்காகத் தெரிகிற இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்க பாருங்க. ஓரமெல்லாம் சேந்து தேன்கூடு மாதிரி கண்ணு கண்ணா இருக்குதுங்க. இந்த எடத்துல மட்டும் கூடு கலைஞ்சிருக்குது. ஒரு மீனு தலகீழா நிக்குதுங்க.”

குனிந்து பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை ஒழுங்காக அறுகோணம் அறுகோணமாக வந்த வரிசை, அந்த ஒரு இடத்தில் கோணிக்கொண்டு நின்றது. தண்ணீர் அங்கேதான் பீறிட்டது. அந்தப் பிளேட்டை மாட்டியபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. பால் பண்ணையில் எனக்கு ‘சிறந்த ஃபிட்டர்’ பட்டம் கொடுத்த கதையைச் செல்லப்பனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தேன். “நீயே கழட்டு” என்றேன். அவள் வாங்கிக்கொண்டு, “அந்தப் பக்கம் புடிங்க” என்றாள். இரண்டு பேருமாகக் கழற்றினோம், பிளேட்டைத் திருப்பினோம், டேப்பை நான் பிடிக்க அவள் முறுக்கினாள். பம்பைப் போட்டோம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். செல்லப்பன் தன் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு இல்லை. கூட்டத்தில் யாரோ சீட்டி அடித்தார்கள். பொழுது சாயும் வரை சாறு ஓடியது. ஒரு கூடை திரும்பவில்லை. முதல் பாட்டிலைச் சித்தன் கையில் கொடுத்தார்கள். அவர் அதை அப்படியே பாவாயியிடம் நீட்டி, “நீ குடி அம்மிணி” என்றார். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை எனக்குத் தந்தாள். மாப்பிள்ளை, அது நொம்ப இனிப்பு. சர்க்கரை சேர்ப்பதற்கு முன்னால் எடுத்தது என்று பிறகுதான் சொன்னார்கள்.

ஆகவே, சாராயக் கேஸ் இல்லை, வக்கீல் வேண்டாம். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். ஐம்பத்தொன்பது வயதில் போலீஸ், பேக்கரி, பொதுஜனம் மூன்றிடமும் ஒரே மாதத்தில் நின்று பதில் சொன்னது போதும். பேர் கெடாமல் இருக்கும்போதே கிளம்புவதுதான் மரியாதை. இனி பிளேட்டையும் ஸ்பேனரையும் கையால் தொடுவதில்லை. தை மூன்றாம் தேதி காலை பஸ்ஸில் நாங்கள் ஓசூர் வந்து சேர்கிறோம். வீட்டுச் சாவியைச் செல்லப்பனிடம் கொடுத்துவிடுவேன். பாவாயிக்கும் சம்மதம்தான். சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. முப்பத்தாறு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அவள் பேசாவிட்டால் சரி என்று பொருள்.

சேர்வராயன் சாமி உங்கள் இருவரையும் மழையில் நனையாமலும் வெயிலில் வாடாமலும் வைத்திருக்கட்டும். ராசாத்திக்கு என் ஆசி. பக்கத்து வீட்டாருக்கும், முக்கியமாக அந்தப் பஸ்காரர் தென்பட்டால் அவருக்கும், என் விளக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
ஐயாக்கண்ணு.

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரி மேனேஜராம். “ஏனுங்க, பாவாயம்மா ஊடு இதுதானுங்களா?” என்றார். நான் ஃபிட்டர் ஐயாக்கண்ணு, முப்பத்தொரு வருஷ சர்வீஸ் என்றேன். “சந்தோசமுங்க, அம்மாவக் கொஞ்சம் கூப்புடுங்க” என்றார். நூற்றெண்பது பிளேட். பாவாயி வந்து ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “தை முழுக்க ஆவுமுங்க, எறக்குங்க” என்று சொல்லிவிட்டாள். தை மூன்றாம் தேதி ஓசூர் என்று நினைவுபடுத்தினேன். “நான் எப்பங்க வாரேன்னு சொன்னேன்?” என்கிறாள். யோசித்துப் பார்த்தால், சொல்லவில்லை. எனவே நாங்கள் வரவில்லை, பார்த்து வைத்த அறையை விட்டுவிடவும். அதற்குப் பதிலாக நீங்கள் இருவரும் பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு இங்கே வர வேண்டுமாம். ராசாத்திக்கு விரல் மெலிசு, ரப்பரைப் பள்ளத்தில் உட்காரவைக்கத் தோதாக இருக்கும் என்கிறாள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டேன், இன்னும் யோசிக்கவில்லையாம். கவலைப்படாதீர்கள். என்னை அடுப்புக்கு விறகு தள்ளச் சொல்லியிருக்கிறாள். அதில் பாதியை உங்களுக்குத் தருகிறேன்.